கருப்பட்டிக்கு மூன்று பசை

தேயிலைப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிப் பழகிய தங்கவேலு கிளாக்கருக்கு ஒரு பெருமை உண்டு. "நான் பிரிக்காத பசை இன்னும் பிறக்கல" என்பார். அந்த வாய்தான் வினையானது.

தோட்டத்து டாக்டர் அவருக்கு நீரிழிவு என்றார். இனிப்பு கூடாது, தினமும் நாலு மைல் நடக்கணும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். தங்கவேலு அதைக் கசக்கி எறிந்தார்.

"நாலு மைலா? நான் என்ன தபால்காரனா?"

அவர் மனைவி அழகம்மை வாதாடவில்லை. இதே வியாதியில் அவளுடைய அண்ணன் ஒரு காலை இழந்திருந்தார். மறுநாள் அலமாரியில் அவருடைய கித்துல் பனைக் கருப்பட்டி இருந்த இடத்தில் ஒரு தகர டின், ஒரு கண்ணாடி ஜாடி, ஒரு மரப்பெட்டி. மூன்றின் மூடியும் பசையால் ஒட்டியிருந்தது.

"என் கித்துல் கருப்பட்டி எதுல?"

"நீங்களே கண்டுபிடிங்க. கீறினா, நெளிச்சா எனக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் எங்கம்மாவைக் காவலுக்கு வரச் சொல்லுவேன்."

மாமியார் என்றதும் தங்கவேலு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அழகம்மை முட்டைக்கோவாப் பாத்திக்குத் தண்ணீர் விடப் போனதும் டின்னை எடுத்தார். மூடியை இழுத்தால் பசை மிட்டாய் போல நீண்டது. ஓகோ, சைக்கிள் பஞ்சர் ஒட்டும் ரப்பர்! அதற்குப் பெற்றோல் வேண்டும். ஆளை அனுப்பினால், பசையிடம் திணறுகிற விஷயம் அவள் காதுக்குப் போய்விடும். தானே ரெண்டு மைல் இறங்கி, கந்தப்பளை பஜாரில் ராசிக் நானாவின் பலசரக்குக் கடைக்குப் போனார். மேசை மேல் கருப்பட்டி அடுக்கியிருந்தது.

"அதுல ஒண்ணு குடுங்க நானா."

"மன்னிக்கணும் ஐயா. உங்களுக்கு இனிப்பு குடுக்கக் கூடாதுன்னு வீட்டம்மா பஜார் முழுக்கச் சொல்லி வச்சிருக்காங்க."

பெற்றோலோடு மூச்சு வாங்க மலையேறினார். தடவியதும் பசை சுருண்டு உருண்டு வந்தது. டின்னுக்குள் பாகற்காய் வற்றல்.

மறுநாள் ஜாடி. பெற்றோலை எவ்வளவு ஊற்றியும் அசையவில்லை. சுரண்டிப் பார்த்தார், அரக்கு! இதற்கு எது மருந்து? கேட்டே ஆகவேண்டும் போலிருந்தது. மறுபடி ரெண்டு மைல்.

"கண்ணாடியில அரக்கா? பாலிஷ் போடுற ஸ்பிரிட்டு தடவுங்க" என்றார் ராசிக் நானா.

தடவினார். இளகியது. உள்ளே மறுபடியும் பாகற்காய்.

மூன்றாம் நாள் பெட்டி. பெற்றோலுக்கும் மசியவில்லை, ஸ்பிரிட்டுக்கும் மசியவில்லை. மறுபடி கந்தப்பளை.

"மரத்துல, தச்சர் பூசுற வச்சிரப் பசையா இருக்கும் ஐயா. வெந்நீர்ல துணி நனைச்சுப் போடுங்க, விட்டுரும்."

"வெந்நீரா! அது வீட்டுலயே இருக்கே!"

ஓடாத குறையாக வந்து, துணி போட்டு, கை சுடச் சுட மூடியைத் தூக்கினார். உள்ளே கசங்கல் நீவிய டாக்டர் சீட்டு.

பின்னால் அழகம்மை நின்றாள்.

"பன்னெண்டு மைல் நடந்திட்டீங்க. டாக்டர் சொன்ன கணக்குதான்."

"கருப்பட்டி எங்கடி?"

"அன்னைக்கே ராசிக் நானாகிட்டக் கொடுத்து மூணு பசையா மாத்திக்கிட்டேன். தினமும் அதுக்கு முன்னாலதானே போயி நின்னீங்க?"

தங்கவேலு பொத்தென்று உட்கார்ந்தார். அவள் வெந்நீர்த் துணியை எடுத்து அவர் பாதத்தில் சுற்றிவிட்டாள்.

"நுவரெலியாவுல புதுசா ஒரு பசை வந்திருக்காமுங்க. போக மட்டும் ஆறு மைலாம்."