காயா தேவியும் மரச்சீனி விளையும்

இனிமேல் மம்பட்டியைத் தொடுவதில்லை என்று ஒரு சனிக்கிழமை காலையில் இரணியல் வாத்தியார் சிலுவைதாசன் தீர்மானம் செய்தார். அதற்கு முன்னும் அவர் அதை அதிகம் தொட்டதில்லை. இப்போது காரணம் கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

சுதந்திரம் வந்த மறுவருஷம். ரேஷன் அரிசி பாதி மாசத்துக்குக்கூடக் காணாது. மீதி நாளுக்கு வீட்டுக்குப் பின்னால் தோட்டவிளையில் போடுகிற மரச்சீனிதான், அதாவது மரவள்ளிக் கிழங்கு. மழைக்கு முன்னால் மண்ணைக் கொத்தி மரச்சீனித் தண்டுக் கம்பு நடவேண்டும் என்று மனைவி ராகேல் சொல்லிச் சொல்லி அலுத்திருந்தாள்.

வாத்தியாரோ நாகர்கோவில் பத்திரிகை ஒன்றுக்கு மாயக்கதை எழுதிக்கொண்டிருந்தார். பழைய கிரேக்க தேசத்துப் பூமித்தாய் காயா, யுகயுகமாய்த் தூங்கியவள், விழித்தெழுந்து பாறைக்கு அடியிலேயே நடந்து வந்து நாஞ்சில் நாட்டு வயலில் தலையை நீட்டுகிறாள்.

“காயாவா? இன்னும் பழுக்கல்லியா?” என்று கேட்டாள் ராகேல்.

அவர் சிரிக்கவில்லை. பூமியை உயிருள்ள பெண் என்று எழுதிய கையால் அவள் முதுகில் மம்பட்டி போட முடியாது என்று விளக்கினார். எழுதிய வரைக்கும் வாசிக்கச் சொல்லி, ராகேல் பயறு புடைத்தபடியே கேட்டாள். மண்ணுக்குள்ளிருந்து தேவி பேசும் இடம் வந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

“கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா மண்ணு பேசுனா எப்பிடிக் கேக்கும்ணு நீங்க எழுதல்லியே. மம்பட்டி பிடிச்சவன் எவனாவது வாசிச்சா, இவருக்கு மண்ணே தெரியாதுண்ணு சொல்லீருவான்.”

அது வாத்தியாருக்குச் சுருக்கென்று தைத்தது. ஆராய்ச்சிக்காக நாலே நாலு வெட்டு என்று விளையில் இறங்கினார். சத்தம் பொத்தென்று வந்தது. ராகேல் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, தென்னையடி மூட்டில் தேவியின் குரல் வேறு மாதிரி இருக்குமோ என்றாள். அங்கும் வெட்டினார். இது கிழவி குரல், கிணற்றுப் பக்கம்தான் குமரிக் குரல் கேட்கும் என்றாள். அங்கும் வெட்டினார்.

சாயங்காலம் முதுகு நிமிரவில்லை. மனசு மட்டும் நிறைந்திருந்தது. தேவியின் குரலுக்கு அருமையான வர்ணனை ஒன்று வாயில் வந்து நின்றது. அதைச் சொல்லத் திரும்பினால், விளை முழுக்கச் சிவந்து புரண்டு கிடந்தது. கொத்தின இடமெல்லாம் ராகேல் கம்பு நட்டு முடித்திருந்தாள். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தேவகனி மரியாதையாக நின்றுகொண்டிருந்தாள்.

ராகேல் கை மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னாள்: “அடுத்த அத்தியாயத்த அவ விளையில வச்சு எழுதுவியளாண்ணு கேக்கா.”