இடப்பக்க ஸ்பீக்கர்

இடப்பக்க ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது.

“நேத்து வீட்டுல என்னா கத்து கத்துச்சு!” யுகேந்திரன் அதன் மண்டையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். “பக்கத்து வீட்டு அங்கிள் நம்ம கேட் வரைக்கும் வந்து நிக்கல?”

“அங்கேயே கத்தித் தீத்துருச்சு போல,” என்றாள் அவன் மனைவி ஷர்மினி, இஸ்திரி மேசையின் மேல் கறுப்புத் துணியை இழுத்து ஊசி குத்தியபடி.

அந்த இஸ்திரி மேசைதான் டிஜே மேடை. தீபாவளிக்கு வாங்கிய சரவிளக்குதான் ஒளி அமைப்பு. பாட்டு கலக்கும் கருவியை, ஜொகூர் பாருவில் படிப்பை முடித்து ஊருக்குக் கிளம்பிய ஒரு மாணவனிடம் அடித்துப் பேசி வாங்கியிருந்தான். அதில் இரண்டு தட்டுகள். இடது தட்டைச் சுற்றினால் பாட்டு சுற்றும். வலது தட்டைச் சுற்றினால் தட்டு மட்டும் சுற்றும். ஸ்பீக்கர் ஜோடி, உலு திராமில் இழுத்து மூடிய ஒரு கராவோக்கே கடையின் மிச்சம். விலை குறைந்துவிட்ட குஷியில் பொருளைத் திருப்பிப் பார்க்க மறக்கிறவர்களை நம்பித்தான் உலகத்தில் பாதிக் கடைகள் திறந்திருக்கின்றன. யுகேந்திரன் அந்தக் கடைகளுக்கெல்லாம் செல்லப்பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரெங்கத்தில் ஒரு கல்யாண விருந்து. மண்டபத்து மின்விசிறிகள் சூட்டை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்திக்கொண்டிருந்தன. சற்று நேரத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வந்துவிடுவார்கள். காசு வாங்கிக்கொண்டு அவன் வாசிக்கும் முதல் விருந்து இதுதான்.

“பேசுனது ஞாபகம் இருக்குல்ல?” என்றாள் ஷர்மினி.

“இப்பவா கேப்ப?”

“இந்த விருந்துலருந்து இன்னொரு விருந்து கெடைக்கணும். கெடைக்கலன்னா எல்லாத்தையும் வித்துடுவோம். எங்கண்ணன் சொன்ன சிங்கப்பூர் வேலைக்கு நீங்க தலையாட்டணும்.”

சிங்கப்பூர் வேலை என்றால் விடியுமுன் எழுந்து, பாலத்தில் ஆயிரக்கணக்கான மோட்டார்சைக்கிள்களோடு புகை குடித்துக்கொண்டு நிற்பது. அதற்கும் மேலாக, ஆயுசுக்கும் மச்சான் “நான்தானே வேலைக்குச் சொல்லிவிட்டேன்” என்று சொல்லிக்காட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது. யுகேந்திரன் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினான். இடப்பக்க வயரைப் பிடுங்கி வலப்பக்கத்தில் சொருகினான். வலப்பக்க வயரை இடப்பக்கத்தில் சொருகினான். இப்போது நன்றாக இருந்த வலப்பக்க ஸ்பீக்கர் புல் வெட்டும் மெஷின் மாதிரி உறுமத் தொடங்கியது.

பெண்ணின் அப்பா மகேஸ்வரன் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். குளுவாங்கில் டயர் கடை வைத்திருப்பவர்.

“என்னா தம்பி, சத்தம் சரியா வரலியா?”

“அஞ்சே நிமிசம் அங்கிள். சரி பண்ணிடுறேன்.”

“அவசரமே இல்ல. ஒரு பக்கம் பாடுனாலும் போதும். எல்லாரும் சாப்புடத்தானே வந்திருக்காங்க!” முதுகில் தட்டிவிட்டு, மலர்ந்த முகத்தோடு போய்விட்டார்.

யுகேந்திரனுக்குக் காது சிவந்தது. “ஒரு பக்கம் போதுமாம்! ஒரு பக்க மாப்பிள்ளை போதும்னு சொல்லுவாரா?”

“கத்தாதீங்க. மைக் ஆன்ல இருக்கு.”

அவன் மூர்த்திக்குப் போன் போட்டான். மூர்த்தி பாசார் மாலாமில், அதாவது ராத்திரிச் சந்தையில், துண்டும் ஜட்டியும் விற்கிறவன். லாயாங் லாயாங்கில் வீடு. பெண் வாசலுக்கு வந்த நேரத்தில் அவனும் மோட்டார்சைக்கிளின் பின்னால் ஒரு கறுப்பு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

“இதப் போடு பாஸ். பத்துக் கட தாண்டிக் கேக்கும்,” என்று இறக்கி வைத்தவன், கைகூடத் துடைக்காமல் பிரியாணிப் பக்கம் நடந்தான்.

கதவு திறந்தது. பெண் லோஷினி, மகேஸ்வரனின் மூன்றாவது மகள், கடைக்குட்டி, சிவப்புப் புடவையில் தலை குனிந்து நின்றாள். எல்லாரும் கைபேசியைத் தூக்கினார்கள். யுகேந்திரன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

“லெலோங்! லெலோங்! மலிவோ மலிவு!” என்று மூர்த்தியின் குரல் மண்டபத்தைக் கிழித்தது. “வாங்க தமிழ் அக்கா, வாங்க மலாய் கக்கா! தொட்டுப் பாருங்க, காசு இல்ல! மூணு எடுத்தா பத்து வெள்ளி! கடைசி ஸ்டாக்! கடைசி ஸ்டாக்!”

பெண் அப்படியே நின்றாள். மாப்பிள்ளை மேற்கூரையைப் பார்த்தான். மாப்பிள்ளை வீட்டு வரிசையில் ஓர் அம்மாள் வாயில் இருந்த தண்ணீரை முன்னால் இருந்தவர் முதுகில் துப்பிவிட்டாள்.

“டேய் மூர்த்தி!” யுகேந்திரன் பிரியாணி வரிசைக்கே ஓடினான். “ஒஞ்சாமான்ல என்னாடா பேசுது?”

“பென்டிரைவ் உள்ள இருக்கு பாஸ். ஆன் பண்ணா அதான் மொத வாய் தொறக்கும். யாவாரம்லா.” மூர்த்தி ஒரு கோழித் தொடையை எடுத்து வைத்துக்கொண்டான்.

யுகேந்திரன் திரும்பி வந்து பென்டிரைவைப் பிடித்து இழுத்த இழுப்பில், அதைச் சொருகும் வாயும் சேர்ந்து கையோடு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வயர் துளையும் உள்ளே போய் ஒளிந்துகொண்டது. இனி அந்த ஸ்பீக்கரோடு பேசக் கைபேசியிலிருந்து புளூடூத் ஒன்றுதான் வழி. அவன் கைபேசியில் பாட்டுக்கு இருந்ததோ இலவசச் செயலி.

கேக் வெட்டினார்கள். மெல்லிய புல்லாங்குழல் ஒன்றைத் தேடிப் போட்டான். அது நன்றாகவே ஓடியது. லோஷினி ஒரு துண்டை எடுத்து மாப்பிள்ளையின் வாயருகே கொண்டுபோனாள். புல்லாங்குழல் நின்றது.

“முழங்கால் வலியா?” என்று ஒரு பெண்குரல் பரிவோடு கேட்டது. “உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லையா?”

யுகேந்திரன் கைபேசியைக் குத்தினான். விளம்பரத்தைத் தாண்டிப் போகும் பொத்தான் வரவில்லை. அது முழங்காலை முடித்து இடுப்புக்குப் போய், இடுப்பிலிருந்து கழுத்துக்கு ஏறி, சாவகாசமாக முடிந்தது. லோஷினி சிரித்த சிரிப்பில், அவள் மறுகையில் இருந்த கேக் கத்தி மாப்பிள்ளையின் சட்டையில் க்ரீம் கோடு போட்டுவிட்டது. மூன்று அம்மாமார்கள் இஸ்திரி மேசையைத் தேடி வந்தார்கள்.

“தம்பி, அந்த எண்ணெய் எந்தக் கடையில கெடைக்கும்?”

“நான் என்னா மருந்துக் கடையா வச்சிருக்கேன்? போங்கம்மா அங்கிட்டு!”

“அலமாக்! கேட்டா கடிக்க வர்றான் பாரு.”

அவர்களுக்குப் பின்னால் மகேஸ்வரன் வந்துகொண்டிருந்தார். யுகேந்திரன் திட்டு வாங்கத் தயாராக நிமிர்ந்து நின்றான். திட்டட்டும். திட்டினாலாவது மரியாதை.

“பிரமாதம் தம்பி!” மகேஸ்வரன் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “ரொம்ப நல்லாப் போவுது. இப்படியே ஓட்டிருங்க. இன்னும் ஒரு மணி நேரந்தான்.”

அவர் கண்ணில் கேலி இல்லை. உண்மையான சந்தோஷம் இருந்தது. அதுதான் யுகேந்திரனுக்குத் தாங்கவில்லை.

“பாத்தியா?” அவன் ஷர்மினியிடம் பல்லைக் கடித்தான். “பரிதாபப்படுறாரு. நான் பிச்சக்காரனா? லாயாங் லாயாங்ல ஒரு பொறந்தநாள்ல என் பாட்டக் கேட்டுட்டு அவராத்தானே வந்து நம்பர் வாங்குனாரு! கல தெரிஞ்ச மனுசன்னு நெனச்சேன். இவருக்கு டிஜேன்னா மூலையில நிக்கிற ஃபேன் மாதிரி. சுத்துனா போதும்!”

“மொள்ளமா...”

“என்னா மொள்ளமா? எல்லாம் இந்தச் சனியனால!”

அவன் விட்ட உதையில் இடப்பக்க ஸ்பீக்கர் ஒரு முழம் நகர்ந்தது.

டம்ம்ம்.

மண்டபத்துக் கண்ணாடி சன்னல்கள் அதிர்ந்தன. ஸ்பீக்கருக்கு உயிர் வந்திருந்தது. கூடவே வலப்பக்கத்து உறுமலும் நின்றுபோயிருந்தது. யுகேந்திரன் கைபேசியைத் தூக்கி ஷர்மினியின் மடியில் எறிந்தான். கருவியோடு இணைத்திருந்த கணினியில் மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த உருமி மேள அடியைத் திறந்தான். வேலை செய்கிற ஒற்றைத் தட்டில் விரலை வைத்தான்.

அன்றைய கோபம் முழுக்க விரல் வழியாக இறங்கியது. கராவோக்கே கடைக்காரன் மேல் கோபம், மாணவன் மேல் கோபம், மச்சான் மேல் கோபம், ‘ஒரு பக்கம் போதும்’ மேல் கோபம். உருமி உறுமியது. அடி ஏறியது, நின்றது, எல்லாரும் தலை தூக்கிய நொடியில் மறுபடி விழுந்தது.

மாப்பிள்ளையின் தோழர்கள் எழுந்தார்கள். வெளியே கார்களின் பின்கதவைத் திறந்து வைத்து பியர் குடித்துக்கொண்டிருந்த மாமன்மார், டின்னோடு உள்ளே வந்தார்கள். மகேஸ்வரனின் அண்ணன் வீட்டு ரெங்கம் ஆட்கள் ஒரு பக்கமிருந்து இறங்க, தம்பி வீட்டு உலு திராம் ஆட்கள் மறுபக்கமிருந்து இறங்கினார்கள். முழங்கால் எண்ணெய் கேட்ட அம்மாமார்கள்கூட முழங்காலை மறந்துவிட்டார்கள்.

“போடுங்க! இன்னும் போடுங்க!” ஷர்மினி துள்ளினாள். “இன்னிக்கே ரெண்டு மூணு பேரு நம்பர் கேப்பாங்க!”

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மகேஸ்வரன் ஓடி வந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினார். வாய் அகலத் திறந்து திறந்து மூடியது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

“பாரு, அங்கிளே ஆட வந்துட்டாரு! இப்பத்தான் புரிஞ்சிருக்கு அவருக்கு!” யுகேந்திரன் கட்டைவிரலைக் காட்டிவிட்டுச் சத்தத்தை இன்னும் ஏற்றினான்.

ரெங்கத்து முழங்கை ஒன்று உலு திராம் மூக்கு ஒன்றில் பட்டது. பட்டதா, போட்டதா என்பதில் இரண்டு கருத்துகள் எழுந்தன. ஒரு பியர் டின் பறந்தது. அதற்குப் பதிலாக ஒரு நாற்காலி பறந்தது. கேக் மேசை சாய்ந்தபோது மூர்த்தி தன் தட்டை மட்டும் காப்பாற்றிக்கொண்டு அதன் அடியில் புகுந்தான். மண்டபத்துக் காவலாளி செல்லப்பன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். பாட்டு நின்றது. சண்டை நிற்கவில்லை.

மகேஸ்வரன் இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஏன் தம்பி?” என்றார் அழாத குறையாக. “நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு?”

போலீஸ் வண்டி வந்து, மூக்குகளையும் முழங்கைகளையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தது. யுகேந்திரன் வெளியே சாமான்களைக் காரில் திணித்தான். ஒருவரும் நம்பர் கேட்கவில்லை. ஷர்மினி கைபேசியில் அண்ணனின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

உடைந்த நாற்காலிகளைச் சுமந்து வந்த செல்லப்பனை அவன் வழிமறித்தான்.

“அண்ணே, நீங்களே ஞாயம் சொல்லுங்க. குடிச்சிட்டு அவனுங்க அடிச்சிக்கிட்டதுக்கு நானா பொறுப்பு? கடைசியா போட்டனே, அது நல்லா இருந்துச்சா இல்லியா?”

செல்லப்பன் நாற்காலிகளை இறக்கி வைத்தார்.

“அதான்லா தம்பி தப்பு! இதே மண்டபத்துல மூத்த ரெண்டு பொண்ணு விருந்துலயும் நல்ல டிஜே வச்சு, ரெண்டு தடவையும் அண்ணன் தம்பி வீட்டு ஆளுங்க ஆட எறங்கி இதே அடிதடி. டிஜே வைக்கலன்னா சம்பந்தி வீட்டுல கேவலம்னு, எவன் பாட்டுக்கு ஒருத்தனும் எந்திரிச்சி ஆட மாட்டானோ அவனா பாத்து ஊரெல்லாம் தேடி ஒன்னப் புடிச்சாரு... அடுத்த மாசம் அவரு தங்கச்சி மக விருந்துக்கும் ஒன்னத்தான் சொல்லி வச்சிருந்தாங்க, இப்படி நல்லா வாசிச்சுக் கெடுத்துக்கிட்டியே!”