ஜக்கரியா போட்ட கோல் செல்லும்

லப்பைக்குடிக்காடு
20.8.1998

அன்பும் மரியாதையும் மிக்க ஆசிக் மச்சான் அவர்களுக்கு உங்கள் மைத்துனன் கவுஸ் எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே அக்கா, உங்கள் மகள் ஆஃப்ரா, நான், உங்கள் வீட்டுத் தென்னை மரங்கள் எல்லோரும் சுகம். குவைத்தில் உங்களுக்குச் சர்க்கரை குறைந்ததா, ராத்திரியில் சப்பாத்திதான் சாப்பிடுகிறீர்களா என்று அக்கா கேட்கச் சொன்னது. சோறு சாப்பிட்டால் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னது.

மச்சான், திங்கட்கிழமை நீங்கள் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டபோது நான் ஓடி வருவதற்குள் பாதிக் காசு கரைந்துவிட்டது. "ஏம்ப்பா கவுஸ், அது கோலா? அது விருந்து உபசாரம். அதெல்லாம் ஜெயிச்சதா ஆவாது. மொதல்ல அந்தக் கோச்ச அனுப்பு, அப்பறம் திடல பிளாட் போட ஆளப் பாரு" என்றீர்கள். லைன் அறுந்துவிட்டது. நீங்கள் என் அக்காவைக் கட்டியவர், உங்களை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமே கிடையாது. அறுந்துபோன ரிசீவரிடமே "சரிங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுத்தான் கீழே வைத்தேன். பூத்துக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் கொஞ்சம் தைரியம் வருகிறது. உங்கள் முகம் எதிரில் இல்லை பாருங்கள்.

உங்கள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் திடல் உங்கள் வாப்பா விட்டுப்போன சொத்து, அதை என்ன செய்தாலும் உங்கள் உரிமை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஜூன் மாதம் நீங்கள் எழுதியது என்ன? "ஆகஸ்ட் பதினைந்தில் அக்கரைக்காரனிடம் இந்த வருடமும் தோற்றால் பிளாட்." ஒன்றுக்குச் சைபர் என்று ஜெயித்திருக்கிறோம். ஜெயித்த பிறகு ஜெயித்த விதம் சரியில்லை என்றால் ஊர்ப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? சாயந்தரமானால் நாற்பது பையன்கள் அந்த மண்ணில்தான் கிடக்கிறார்கள். திடல் இல்லையென்றால் அத்தனை பேரும் தங்கசாமி டீக்கடை வாசலில் வந்து நிற்பார்கள். அவர் இப்போதே கடன் கிடையாது என்று பலகை மாட்டி வைத்திருக்கிறார்.

நாம் ஏன் தோற்றுக்கொண்டே இருந்தோம் என்பதற்கு ஊரில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம் அவர்களுக்குத் திடல் கிடையாது, ஆற்று மணலிலேயே ஆடுகிறார்கள், மணலில் ஓடிய கால் நம் திடலுக்கு வந்ததும் பறக்கிறது என்று நான் சொல்வேன். சத்து போதாது என்று முட்டையும் வாழைப்பழமும் கொடுத்தோம், வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு முட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நீங்கள் குவைத்திலிருந்து அனுப்பிய பூட்ஸ் எல்லாம் ஒன்பதாம் நம்பர், பஞ்சு அடைத்துப் போட்டு ஆடினார்கள், பந்து ஒரு பக்கமும் பூட்ஸ் ஒரு பக்கமும் போனது. திருச்சியிலிருந்து ஒரு கோச்சை அழைத்து வந்தோம், அவர் பத்து நாள் இங்கிலீஷில் திட்டிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். எதற்கும் பலன் இல்லை.

அப்போதுதான் வைத்திலிங்கம் சார் வந்தார். ஆண்டிமடத்துக்காரர், பி.டி. மாஸ்டர், மாற்றலில் இந்தப் பக்கம் வந்து நம் தெருவிலேயே வாடகைக்கு இருக்கிறார். நான் போய்க் கேட்டதும் சரி என்றார். முதல் நாள் அக்கரைக்காரர்களோடு நம் பையன்கள் சும்மா ஆடியதை ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் விசிலும் எடுத்து வரவில்லை, பந்தையும் தொடவில்லை. பையன்களை வரிசையாக உட்கார வைத்து, "ஒன் அக்காவ எந்த ஊர்ல குடுத்திருக்கு? ஒங்க அண்ணன் எங்க பொண்ணு எடுத்திருக்காரு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அத்தோடு விடவில்லை. ஆயிஷா பீவி அக்காவுக்குத்தான் ஊர்ச் சம்பந்தம் எல்லாம் அத்துப்படி என்று யாரோ சொல்ல, உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆஃப்ரா டீ கொடுத்தது, அக்கா தெருத் தெருவாகச் சொல்லியது, அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பாப்பா என்ன படித்திருக்கிறது என்றுகூட விசாரித்தார். நான் மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

இது டீக்கடைக்குப் போனதும் பற்றிக்கொண்டது. பெரம்பலூர் டவுன் பஸ் டிரைவர் மணிவண்ணனை உங்களுக்குத் தெரியும், இந்த வருடம் உலகக் கோப்பையை ஒரு மேட்ச் விடாமல் டி.வி.யில் பார்த்தவர். பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்தார். "கவுஸ் பாய், இவரு கோச்சா கல்யாணத் தரகரா? உலகம் பூரா நாலு பேக்கு, நாலு ஹாஃபு, ரெண்டு ஃபார்வர்டுன்னு ஆடுறான். இவரு மாமன் மச்சான்னு ஆள் சேக்குறாரு" என்றார். தங்கசாமி டீயை ஆற்றிக்கொண்டே, "நாலு நாலு ரெண்டுன்னு நீங்க சொல்லிக் குடுத்த வருசந்தாங்க அஞ்சு கோல் வாங்குனோம்" என்றார். பிறகு பஸ்ஸில் இருந்தவர்களும் இறங்கிவிட்டார்கள். வக்கீலாபீசுக்குப் போகிற ஒரு பெரியவர் இரண்டு ஃபார்வர்டு போதாது என்றார், கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற அம்மா எப்பத்தான் வண்டியை எடுப்பீர்கள் என்றார். பஸ் அன்றைக்குப் பெரம்பலூருக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

நானே சாரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "பாய், ஒங்க பசங்களுக்கு ஆட்டம் நல்லாத் தெரியுது. வேற எந்த ஊர்க்காரன் வந்தாலும் பந்தப் புடுங்கிடுறானுங்களாம். அக்கரைக்காரன் வந்தா மட்டும் காலு நின்னுடுது. ஏன்னு பாத்தேன். அந்த டீம்ல பாதிப் பேரு ஒங்க ஊரு மாப்பிள்ளைங்க" என்றார். பக்கத்தில் நின்ற நம் பேக் தலையைக் குனிந்துகொண்டு, "அக்காவக் கட்டுனவரு பந்தோட வர்றாரு, எப்படிங்க சார் குறுக்க கால வுடுறது? அப்பறம் பெருநாளைக்கு வூட்டுக்கு வருவாருல்ல" என்றான். மச்சான், எனக்கு அப்படியே கண் திறந்தது. இத்தனை வருடமும் நம் பையன்கள் தோற்கவில்லை, மாப்பிள்ளைகளுக்கு வழிவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நாமும்தான் கைதட்டிப் பார்த்துக்கொண்டு இருந்தோம், அது கண்ணில் பட்டதா? சம்பந்தம் இல்லாத ஊரிலிருந்து வந்தவர் ஒரே சாயந்தரத்தில் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த மனுஷர் மேல் எனக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது, இனி அது போகாது.

அதற்கு அவர் செய்த வைத்தியத்தைக் கேளுங்கள். அக்கரையில் பெண் எடுத்தவர்களாகப் பார்த்துப் பேக்கில் நிறுத்தினார். அவர்கள் அந்த ஊருக்கு மாப்பிள்ளைகள், அவர்கள் இடித்தாலும் உதைத்தாலும் எதிரில் இருப்பவன் பொறுத்துத்தான் போக வேண்டும். அதில் ஒருவருக்கு மாப்பிள்ளை விருந்தில் நல்ல கறி வைக்காமல் எலும்பும் கழுத்துக் கறியுமாகப் பார்த்து வைத்துவிட்டார்கள் என்று ஆறு வருடக் கோபம் வேறு. அதை ஏன் வீணாக்க வேண்டும் என்றார் சார். இதுவரை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சென்டர் ஃபார்வர்டு ஜக்கரியா என்றதும்தான் ஊர் இரண்டானது.

குவைத்தில் உங்கள் ரூமில் இருக்கும் ஜக்கரியாவையே சொல்கிறேன். லீவில் வந்த நாளிலிருந்து வீடு வீடாகப் பிரியாணி. செருப்பு மாட்டக் குனிந்தாலே மூச்சு வாங்குகிறது. "தொப்பையோட ஒரு ஃபார்வர்ட நான் டி.வி.ல பாத்ததே இல்ல" என்றார் மணிவண்ணன். தங்கசாமியே அன்றைக்குச் சாரைக் கைவிட்டுவிட்டார். உங்களுக்கு யார் போனில் போட்டுக் கொடுக்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம். சார் மட்டும் அசையவில்லை. "அவரு ஓட வேணாம் பாய். கோலுக்குப் பக்கத்துல நின்னாப் போதும்" என்று மட்டும் சொன்னார்.

பதினைந்தாம் தேதி கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்து முடித்து சாயந்தரம் நாலு மணிக்கு மேட்ச். பெண்கள் எல்லாம் மாடியில். உங்கள் மாடியில்தான் கூட்டம் அதிகம், அங்கிருந்து பார்த்தால் திடல் முழுவதும் தெரியும் அல்லவா. ரெஃப்ரிகூட இரண்டு கரையிலும் பெண் கொடுக்காத, எடுக்காத ஆளாக இருக்க வேண்டும் என்று சார் பிடிவாதம் பிடித்துப் பெரம்பலூரிலிருந்து வரவழைத்திருந்தார். அக்கரை மாப்பிள்ளைகள் வழக்கம்போலப் பந்தோடு வந்தார்கள், அவர்களை விடப் பெரிய மாப்பிள்ளைகள் எதிரில் நிற்பதைப் பார்த்துத் திகைத்தார்கள். கழுத்துக் கறிக்காரர் ஆடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவர்கள் டீமில் எங்களுக்குப் பயம் காட்டியது அத்னான் ஒருவன்தான். இன்னும் கல்யாணம் ஆகாத பையன், நம் ஊரில் யாருக்கும் உறவு இல்லை, அதனால் அவனைப் பாரபட்சம் இல்லாமல் நம் பையன்கள் எல்லோரும் துரத்தினார்கள், ஒருவருக்கும் அகப்படவில்லை. எதிரி என்றாலும் சொல்ல வேண்டும், பந்து அவன் பேச்சைக் கேட்கிறது. இரண்டு தடவை கோல் போஸ்ட்டில் அடித்தான். நான் அந்த நேரத்தில் ஓதிய அளவுக்கு நோன்பில்கூட ஓதியதில்லை.

முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது யாரோ உதைத்த பந்து உருண்டு உருண்டு ஜக்கரியா காலடியில் வந்து நின்றது. அதுவரை அவர் அதைத் தொடவே இல்லை, ஹாஃப் டைமில் கொடுத்த மோரைத்தான் தொட்டிருந்தார். அக்கரை கோல்கீப்பர் பாய்ந்து வந்தான், காலில் விழுந்து பந்தைப் பிடிக்கப் போனான், நிமிர்ந்து பார்த்தான், அப்படியே நின்றுவிட்டான். அவன் கூடப்பிறந்த அக்காவைத்தான் ஜக்கரியா கட்டியிருக்கிறார். "மச்சான், பாத்துங்க, பள்ளம் இருக்கு, வுழுந்துடப் போறீங்க" என்றான். ஜக்கரியா "சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் பந்தை மெதுவாக உள்ளே தள்ளினார். ரெஃப்ரி விசில் ஊதினார். மணிவண்ணன் ஓடிப்போய்ச் சாரைத் தூக்கிவிட்டார், நாலு நாலு ரெண்டைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

இதைத்தான் நீங்கள் விருந்து உபசாரம் என்கிறீர்கள். விருந்துதான், மச்சான். ஆனால் நம் பையன்கள் ஏழெட்டு வருடமாக அவர்களுக்கு வைத்த விருந்தை எல்லாம் அவர்கள் கோல் என்றுதானே எழுதிக்கொண்டார்கள்? அவர்களுக்குச் செல்லும் என்றால் நமக்கும் செல்லும். அன்று ராத்திரி நம் தெருவில் யாரும் தூங்கவில்லை. சார் மட்டும் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வழக்கம்போலப் படுத்துவிட்டார். அப்படிப்பட்ட ஆளை எந்த வாயால் போ என்று சொல்வேன்? எல்லோரும் கலைந்த பிறகும் அந்த அத்னான் பையன் மட்டும் இருட்டும்வரை திடலில் தனியாகப் பந்தை உருட்டிக்கொண்டிருந்தான். தோற்றவனுக்கே அந்த மண்ணை விட்டுப் போக மனமில்லை. ஜெயித்த நாம் அதில் கல் நடலாமா? உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், திடலையும் சாரையும் விட்டுவிடுங்கள். வேறு எதையும் நான் உங்களிடம் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன்.

கடிதத்தை ஜக்கரியா கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன், நாளை கிளம்புகிறார். கோலைப் பற்றி அவர் சொல்வதில் பாதியை நம்புங்கள். எலுமிச்சை ஊறுகாய் உங்களுக்கு, முறுக்கு ரூமில் எல்லோருக்கும். அக்காவின் ஸலாம், ஆஃப்ராவின் ஸலாம், தங்கசாமியும் மணிவண்ணனும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். அல்லாஹ் உங்களுக்கு ஆயுளையும் பரக்கத்தையும் கொடுத்து, சர்க்கரையை மட்டும் எடுத்துக்கொள்வானாக.

இப்படிக்கு,
துஆவுடன்
கவுஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அக்கா வந்து கையைப் பிடித்துவிட்டது. மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாக நினைத்துக்கொள்ளுங்கள். அத்னான் வீட்டிலிருந்து ஆஃப்ராவைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். நல்ல குடும்பம், அக்காவுக்குப் பூரணச் சம்மதம். ஆஃப்ராவைக் கேட்டதற்கு, "மாடிலேருந்து பாத்தேன், போஸ்ட்ல பட்டும் அவரு யாரையும் திட்டல. எனக்குச் சம்மதம்மா" என்றதாம். நீங்கள் சரி என்றால் முடித்துவிடலாம். நகை, ரொக்கம் எதுவும் வேண்டாமாம். பையன் கேட்பது ஒன்றே ஒன்று: அவர்கள் ஊரில் திடல் இல்லை, நம் திடல் திடலாகவே இருக்க வேண்டும். இந்தச் சம்பந்தத்தை அக்கா காதில் முதலில் போட்டது வைத்திலிங்கம் சார் என்று இப்போதுதான் தெரிகிறது. அடுத்த வருடம் அத்னானை எப்படித் தடுப்பது என்று கேட்டேன். "தடுக்க முடியாது பாய், தோத்துட்டுப் போவோம். திடல் இருக்குல்ல" என்கிறார். எனவே மச்சான், இனி நான் உங்களிடம் கெஞ்ச ஒன்றும் இல்லை. உங்களுக்கும் ஒரு மாப்பிள்ளை வரப்போகிறார். பந்து அவர் காலில் இருக்கிறது, பிடுங்குவதானால் நீங்களே வந்து பிடுங்கிக்கொள்ளுங்கள்.