பெரியப்பாவின் ஆறடிப் பெட்டி

வியாழக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு நல்லமுத்து தன் பெரியப்பாவைக் கொன்றான்.

கொன்ற இடம், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலை, மேல்மாடி. கொன்ற ஆயுதம், வாய்.

"ஐயா, எங்க பெரியப்பா தவறிட்டாருங்க. நாளையிலருந்து நாலு நாளு லீவு வேணுங்க."

தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் தம்பு ஒரு பிடி கொழுந்தைக் கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார். பறித்து வந்த கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, ஓர் இரவு முழுக்க வாட விடுவார்கள். வாடிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டுக் கையைத் திறக்க வேண்டும். பந்து படாரென்று உதிர்ந்தால் இலை இன்னும் பச்சை. சோம்பல் முறிப்பதுபோல மெல்ல விரிந்தால் பதம். பதம் வராததைக் கீழே இலை சுருட்டும் உருளைக்கு அனுப்பினால் சுருளாது, நொறுங்கிப்போகும்.

பொய்யும் ஏறக்குறைய அப்படித்தான். நல்லமுத்துவின் பொய் அன்று காலைதான் பறித்தது.

அவனுக்கு வயது பதினாறு. அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து தொழிற்சாலை வேலை பழக எடுக்கப்பட்ட முதல் பையன். பழகுவது முப்பது நாள். "ஒரு நாள் வராட்டிலும் பேரை வெட்டிப்போடுவன்" என்று தம்பு முதல் நாளே சொல்லியிருந்தார். பச்சை வாசம் பழ வாசமாக மாறும் நொடியை மூக்கு முப்பது நாள் விடாமல் பிடித்தால்தான் மறக்காது என்பது அவருடைய கணக்கு. அவரும் பதினொரு வருடமாக ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. தொழிற்சாலையில் எல்லோரும் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அவர் மனைவி புனிதவதி மட்டும் சொல்லி யாரும் கேட்டதில்லை.

இதற்கிடையில்தான் குடும்பம் கொழும்புக்குக் கடல் பார்க்கப் போவதாக முடிவாகியிருந்தது. நல்லதண்ணி என்ற ஊரில் மலை யாத்திரை போகிறவர்களுக்குத் தேநீர்க்கடை போடும் முத்துலிங்கம் பெரியப்பா, சீசன் முடிந்த கையோடு, கொட்டாஞ்சேனையில் ஒரு சிநேகிதர் வீட்டில் நாலு நாள் தங்க ஏற்பாடு செய்திருந்தார். அப்பா செல்லசாமியின் குடும்பத்தில் அதுவரை யாரும் கடல் பார்த்ததில்லை. அம்மா வீரம்மா அடுப்பு முன்னால் நின்று சத்தியம் செய்துவிட்டாள்: "போனா எம்மகனோடதான் போவேன். இல்லாட்டி அந்தக் கடலு எனக்கு வேணாம்."

வேலைக்குப் போனால் அம்மாவுக்குக் கடல் இல்லை. கடலுக்குப் போனால் அவனுக்கு வேலை இல்லை. அந்தத் தோட்டத்துத் துரை லீவு கொடுப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்: சாவு. ஆகவே யாராவது சாகத்தான் வேண்டியிருந்தது.

தம்பு கையைத் திறந்தார். கொழுந்து மெல்ல விரிந்தது.

"எங்கை செத்தவர்?"

"நல்லதண்ணியிலங்க."

"நல்லதண்ணி…" தம்புவின் கண்கள் எங்கோ போய்த் திரும்பின. "அப்ப தலவாக்கலையிலை ரயிலேறி அட்டனிலை இறங்கவேணும். என்ன?"

"ஆமாங்க."

"தொழிற்சாலைப் பெடியன் வீட்டுச் செத்தவீடு. தோட்டத்தின்ரை சார்பிலை ஓர் உத்தியோகத்தர் வரவேணும். அதுதானே முறை? நானே வாறன்."

நல்லமுத்து அவசரமாகக் குறுக்கே புகுந்தான்.

"ஐயா வர வேணாங்க! நாளைக்குக் காலையிலேயே எடுத்துருவாங்க."

"எடுத்தால் என்ன? அடுத்த நாள் சாம்பல் அள்ளுற காடாத்து இருக்கு. அதுக்கும் நிண்டுதான் வரவேணும்."

"ரோட்டுல மண்ணு சரிஞ்சிருக்குங்க. பஸ்ஸு போகாது."

"அப்ப திரும்பி வரவும் பிந்தும்" என்றார் தம்பு கவலையோடு. "துரையிட்டை அஞ்சு நாளெண்டு எழுதிக் குடுக்கிறன்."

இன்னும் ஒரு காரணம் சொன்னால் ஆறு நாளாகிவிடும் என்று பயந்து நல்லமுத்து வாயை மூடிக்கொண்டான்.

அவன் மூடினாலும் தோட்டம் மூடவில்லை. ஒரு வீட்டில் சாவு என்றால் தொழிற்சாலைத் தச்சர் கொட்டகையிலிருந்து பெட்டிக்கு ஆறடிப் பலகையும், வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கத் தேயிலைத் தூளும் போக வேண்டும். அதற்கொரு சீட்டு உண்டு. சீட்டில் பெயர் எழுத இடம் உண்டு, லய எண் எழுத இடம் உண்டு. செத்தது எந்த ஊரில் என்று எழுத இடமில்லை. ஆகவே பிற்பகல் மூன்று மணிக்கு, பலகையும் தூளும் ஒழுங்காகச் செல்லசாமி வீட்டு வாசலில் வந்து இறங்கின.

பலகையைக் கண்டது பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு. சாவு வீட்டு வாசலில் நின்று "யாரு செத்தது?" என்று கேட்பது மரியாதையில்லை. முதலில் அழ வேண்டும். விவரம் அழுகையின் நடுவே தானாக வந்து சேரும். அம்மாக்கண்ணு அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து மற்றப் பெண்களும் தோளோடு தோள் சேர்ந்து அழுதார்கள். எல்லோரும் மற்றவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில், கையில் துணிப்பையோடு, அடுத்த நாள் கொழும்புப் பயணத்துக்காக முத்துலிங்கம் பெரியப்பா வந்து சேர்ந்தார்.

தம்பி வீட்டு வாசலில் பலகை. கூட்டம். ஒப்பாரி. பெரியப்பா மரியாதை தெரிந்தவர். பையைக் கீழே போட்டார், துண்டை வாயில் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார், குலுங்கிக் குலுங்கித் தனக்காகத் தானே அழுதார்.

தொழிற்சாலையிலிருந்து ஓடிவந்த நல்லமுத்து இதைக் கண்டு நின்றான். அதே நேரம் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த வீரம்மா, கூடையோடு அலறினாள்.

"ஐயோ மாமா! யாரு மாமா போனது?"

"தெரியலையேம்மா!" என்று பெரியப்பா தேம்பினார். "நீ உசுரோடதான் இருக்கியா? அப்ப என் தம்பியா?"

"நான் இங்கதான்ணே நிக்கிறேன்" என்றார் பின்னாலிருந்து செல்லசாமி.

அழுகை நின்றது. இருபது தலைகள் திரும்பி ஒன்றையொன்று எண்ணிப் பார்த்தன. யாரும் குறையவில்லை.

"பலகை… பொட்டி செய்யங்க" என்றான் நல்லமுத்து. "கொழும்புக்குத் துணிமணி கொண்டுபோக டீமேக்கர் ஐயா குடுத்தாரு."

"அடப் பாவி, முன்னாடியே சொல்லக் கூடாதா?" அம்மாக்கண்ணு மூக்கைச் சிந்தினாள். "அழுத அழுகைக்கு ஒரு வாய் டீத்தண்ணியாச்சும் குடுங்கடா!"

தூள் அதற்குச் சரியாக இருந்தது.

செல்லசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா வீரம்மா, நம்ம பையனுக்கு அங்க எம்புட்டு மதிப்புன்னு!" உடனே சுத்தியலும் ஆணியுமாக உட்கார்ந்தார். தொழிற்சாலைப் பலகையை அறுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆறடிப் பலகையில் அறுக்காமல் பெட்டி செய்தால் என்ன வருமோ அதுதான் வந்தது.

"கொஞ்சம் நீட்டமாயிருச்சோ?" என்றார்.

"ஆளே படுக்கலாம் போல" என்றார் பெரியப்பா மெச்சுதலாக.

நல்லமுத்து தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை, தலவாக்கலை ஸ்டேஷனில் மழைத்தூறல். பெட்டியின் முன்பக்கம் பெரியப்பாவின் தோளில், பின்பக்கம் செல்லசாமியின் தோளில். உள்ளே நாலு பேர் துணி, ஒரு மூட்டை அவல், ஒரு சட்டி. பின்னால் வீரம்மா. கோட்டும் தொப்பியுமாக மேடையின் அந்தக் கோடியில் நின்றார் தம்பு, பக்கத்தில் மனைவி புனிதவதி.

'டீமேக்கர் அம்மாவையும் சாவுக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரே' என்று நினைத்தான் நல்லமுத்து. பாய்ந்து போய்ப் பெரியப்பாவின் தலையில் கம்பளியைப் போட்டு மூக்குவரை இழுத்துவிட்டான்.

"என்னடா?"

"பனி பெரியப்பா. செத்துருவீங்க."

தம்பு தூரத்திலிருந்து அந்த நீளப் பெட்டியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தார்.

"அந்தத் தொப்பிக்காரரு யாருக்குடா கும்புடுறாரு?" என்றார் கம்பளிக்குள்ளிருந்து பெரியப்பா. பெருந்தன்மையாகத் தாமும் தலையசைத்தார்.

அட்டனில் வண்டி நின்றபோது நல்லமுத்து பெஞ்சுக்கு அடியில் சுருண்டு கிடந்தான். வண்டி கிளம்பிய பிறகும் எழுந்திருக்கவில்லை. இனி நடக்கப்போவது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. டீமேக்கர் ஐயாவும் அவர் மனைவியும் அட்டனில் இறங்கி பஸ் பிடிப்பார்கள். நல்லதண்ணியில் முத்துலிங்கம் வீட்டை விசாரிப்பார்கள். பூட்டிய கதவைப் பார்ப்பார்கள். "முத்துலிங்கமா? கொழும்புக்குக் கடலு பாக்கப் போயிட்டாரே!" என்று யாராவது சொல்வார்கள். அவ்வளவுதான். பெயர் வெட்டு.

சனிக்கிழமை மாலை, காலிமுகத் திடல். வீரம்மா கடலைப் பார்த்து வாயில் கைவைத்து நின்றவள், கையை எடுக்கவே மறந்துவிட்டாள். செல்லசாமி ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "நெசமாவே உப்புத்தான்!" என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அறிவித்தார். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டி அலையோடு மல்லுக்கு நின்றார்.

நல்லமுத்து மட்டும் நடந்துகொண்டேயிருந்தான். ஒன்பது நாள் பழகிவிட்டான். பச்சை வாசம் மாறும் நொடியை நேற்று முன்தினம்தான் முதன்முறையாக மூக்கு பிடித்தது. இனி அந்த மூக்கால் யாருக்கு என்ன பயன்?

எதிரே ஒருவர் வந்தார். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டியிருந்தார். ஒரு கையில் செருப்பு, மறுகையில் கடலைச் சுருள். தலையில் அந்தத் தொப்பி.

இருவரும் ஒரே நேரத்தில் நின்றார்கள்.

"ஐயா…"

"நல்லமுத்து…"

கடலைச் சுருளிலிருந்து இரண்டு கடலை கீழே விழுந்தன. யார் முதலில் பேசினாலும் அவர்தான் மாட்டிக்கொள்வார் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

அப்போது சொட்டச் சொட்ட நனைந்தபடி ஓடிவந்தார் முத்துலிங்கம்.

"டேய், இவரு நமக்குக் கும்புட்ட ஆளுல்ல? யாருடா?"

"எங்க டீமேக்கர் ஐயா, பெரியப்பா" என்று நல்லமுத்துவின் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

தம்பு பெரியப்பாவைக் கால்முதல் தலைவரை பார்த்தார். கொழுந்தைப் பதம் பார்க்கிற பார்வை. அவர் வாயைத் திறக்குமுன், சேலைக்கரை முழுக்க ஈரமும் முகம் முழுக்கச் சிரிப்புமாக அதைக் கேட்டுக்கொண்டே வந்து சேர்ந்த புனிதவதி, பெரியப்பாவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.

"உங்கட செத்தவீட்டைச் சொல்லித்தான் அண்ணை, பதினொரு வருசத்துக்குப் பிறகு இந்த மனிசன் லீவெடுத்து எனக்குக் கடலைக் காட்டினவர், வாற வருசமும் ஒருக்காச் சாவியளோ?"