முறுக்கிக்கொண்டு நின்றவர்

காலையில் நின்றபடியே பேன்ட் போடப் போய், பீரோவில் முட்டி, அதன்மேல் இருந்த பெட்டியோடு தரைக்கு வந்து சேர்ந்தார் தபால் ஆபீஸ் குமாஸ்தா. மனைவி ஓடி வந்து பார்த்தாள். பெட்டியைத்தான் முதலில் தூக்கினாள்.

"அடி பட்டிருக்கா?"

"லேசா, இடுப்புல."

"நான் பெட்டியைக் கேட்டேன்!"

அன்றே சபதம் எடுத்தார். மனிதன் என்றால் ஒற்றைக் காலில் நிற்கத் தெரிய வேண்டும்! வெறுமனே நின்றால் போதாது, முறுக்கியும் நிற்க வேண்டும். வலது முட்டியை இடுப்புக்குத் தூக்கி, இடது கையால் பிடித்து, உடம்பை வலப்பக்கம் திருப்பி, வலது கையைப் பின்னால் நீட்டி, விரல் நுனியையே பார்க்கும் ஆசனம். முதலில் சுவர் தாங்கியது. பிறகு கதவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதுவும் தாங்காமல் கூடத்தின் நடுவே நின்றேவிட்டார். மெய்சிலிர்த்தது.

அப்போது பார்த்துப் போன் வந்தது.

"என்னங்க, எங்க அண்ணன். நாளைக்கு வந்து பத்து நாள் தங்கட்டுமான்னு கேக்கறாரு."

மைத்துனரின் குறட்டைக்கு ஜன்னல் கண்ணாடியே நடுங்கும். எதற்காக வருகிறார் என்று கேட்கக்கூடக் குமாஸ்தாவுக்குத் தோன்றவில்லை.

"வே... வேணா..."

"ஐயையோ, பேசாதீங்க! பேசினா மூச்சு கலைஞ்சிடும்னு நீங்கதானே சொன்னீங்க? அண்ணன் வரலாம்னா காலைக் கீழே வைங்க. வேண்டாம்னா அப்படியே நில்லுங்க. புரிஞ்சுப்பேன்."

நின்றார். கெண்டைக்கால் துடித்தது. மூக்கு நுனியில் வியர்வை சேர்ந்து ஊசலாடியது.

"முட்டி ஆடுதே?"

ஆடிய முட்டியை இறுக்கிப் பிடித்தார்.

"பாவம், அண்ணன் ஆசையா கேக்கறாரு. வச்சிடுங்களேன்?"

பல்லைக் கடித்தார். இன்னும் கொஞ்சம் முறுக்கினார்.

"நல்லா யோசிச்சீங்களா? அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

கண்ணாலேயே 'போய்ச் சொல்லு' என்றார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அவர் பேச்சு எடுபட்டதில்லை. இன்று பேசாமலே எடுபடப் போகிறது! உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை ஆனந்தம் ஏறியது. இப்படியே சாயங்காலம் வரை நிற்கலாம் போலிருந்தது.

மனைவி பெருமூச்சு விட்டுப் போனைக் காதில் வைத்தாள்.

"அண்ணே, நீங்க சிரமப்பட்டு வர வேண்டாம். இந்தத் தடவை உங்களுக்குப் பதிலா வீடு முழுக்கத் தானே பெயிண்ட் அடிக்கிறேன்னு இவரு ஒத்தக் கால்ல நிக்கிறாரு!"