பியர்பொன்ட்ஸ் துறவிமடத்தின் உத்தியோகபூர்வ வரலாறு

மொன்றியல் தீவின் மேற்கே, பியர்பொன்ட்ஸில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவியர் மடமொன்று இருந்து பாழடைந்து போனது என்பது அரசாங்கத்தின் முடிவு. அரசாங்கத்தின் முடிவு என்பதால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அந்த மடத்தில் எஞ்சியிருக்கும் ஒரே சுவரை இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு கோடையில் கட்டியவர் விமலநாதன்.

விமலநாதன் சென்ட் லோரன்டில் விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் முதுகு ஒடிய வேலை செய்து சொந்த வீடு வாங்கியவர். வீடு வாங்கிய யாழ்ப்பாணத்து மனிதர் முதலில் செய்கிற காரியம் எல்லை பார்ப்பது. அவரும் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தோப்பர், அவரும் நம்மவர்தான், அரை அடி உள்ளே வந்துவிட்டதாகப் பட்டது. கிறிஸ்தோப்பருக்கு, விமலநாதன்தான் அரை அடி வந்துவிட்டதாகப் பட்டது. இந்த ஊரில் இப்படியான நேரத்தில் மனிதர் செடி நடுவார்கள், மிஞ்சினால் பலகை வேலி போடுவார்கள். விமலநாதன் மதில் கட்டினார். துறைமுகப் பக்கம் இடித்த ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியின் கல்லை லொறியில் ஏற்றி வந்து, தன் கையாலேயே கட்டினார். மதில் எல்லையோடு நேரே போய், வீட்டுப் பக்கமாகத் திரும்பி, பின்கதவுக்குப் போகிற பாதையைக் குறுக்கே அடைத்தது. கிறிஸ்தோப்பரின் கண் பின்வாசலில் படக்கூடாதாம். அனுமதி எடுக்கவில்லை. சொந்தக் காணிக்குள் மதில் கட்ட யாரைக் கேட்பது என்பது அவருடைய கட்சி.

மதில் தோளளவு வந்தபோது பெண்கள் தலையிட்டார்கள். விமலநாதனின் மனைவி புஷ்பராணியும் கிறிஸ்தோப்பரின் மனைவி மாக்கிரட்டும் சண்டை உச்சத்தில் இருந்தபோதும் கறி கொடுத்து வாங்கியவர்கள். "சட்டி போய்வர வழி விடுங்கோ" என்று புஷ்பராணி ஒற்றைக்காலில் நின்றார். குறுக்குச் சுவரில் ஒரு சட்டி நுழையும் அளவுக்கு ஓட்டை விடப்பட்டது. ஓட்டை விட்ட மதிலில் என்ன மானம் இருக்கிறது? விமலநாதனுக்கு மனம் விட்டுப்போயிற்று. மேலே ஒரு கல்லும் வைக்கவில்லை. வருஷா வருஷம் பனி வந்து வெடிக்க வைத்தது, பாசி படர்ந்தது, மீன்குழம்பு மட்டும் தடையில்லாமல் போய்வந்தது.

இந்த வருஷம் புஷ்பராணிக்குப் பக்கவாதம் வந்தது. தப்பிவிட்டார். ஆனால் வீட்டுக்கு அனுப்புவதென்றால் சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப்பாதை வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். முன்வாசல் செங்குத்தான படி. பின்கதவுதான் வழி. பின்கதவுப் பாதையில் மதில் நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக விமலநாதன் ஒரு காரியத்தை முறைப்படி செய்ய நினைத்து, மதிலை இடிக்க அனுமதி கேட்டார். அதுதான் அவர் விட்ட பிழை.

பாழடைந்த கட்டடங்களைப் பாதுகாக்கிற பாழ்மரபுப் பணியகத்திலிருந்து மெலனி என்ற அதிகாரி வந்தார். அவர் பேசியது பிரெஞ்சு. அலுவலகப் பிரெஞ்சு ஆகையால் அதைச் செந்தமிழில் தருவதே முறை.

"இச்சுவரைக் கட்டுவதற்குப் பெற்ற அனுமதி எங்கே?"

"அனுமதி இல்லை. நான் சும்மா கட்டினனான்."

"அனுமதியின்றி இந்நகரில் எவரும் எதுவும் கட்டுவதில்லை, ஐயா. கடந்த ஆண்டறிக்கையிலேயே அதைத் தெளிவாகக் கூறியிருக்கிறோம்."

"கட்டினவன் நான். நானே சொல்லுறன்."

"தாங்கள் கட்டியிருந்தால் அனுமதி இருந்திருக்கும். இல்லை. ஆகவே அனுமதி என்னும் வழக்கம் தோன்றுமுன்னரே இது கட்டப்பட்டிருக்க வேண்டும்."

மெலனி கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு தண்டம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அவர் உழைப்பாளி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழைய பதிவுகளைத் தேடினார், பதினெட்டையும் பதினேழையும் தேடினார். ஒன்றிலும் விமலநாதனின் மதில் இல்லை. பதிவுகளுக்கு முந்தியது என்றால் மத்திய காலம். அலங்காரம் கிடையாது, கல் மலிவு, கட்டுமானம் கோணல். இப்படிக் கட்டக்கூடியவர்கள் வறுமை விரதம் பூண்ட பிரான்சிஸ்கன் துறவிகளைத் தவிர வேறு யார்?

"கோணலோ?" என்று மட்டும் விமலநாதன் கேட்டார்.

மகள் கஜந்தினி வரலாறு படித்தவள். அவளுக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் காலத்திலை ஐரோப்பாவிலையிருந்து ஒருத்தரும் இந்தத் தீவுக்கு வரேல்லையே?"

"அதுவன்றோ இக்கண்டுபிடிப்பின் சிறப்பு."

"அப்ப, இங்கை இருந்த ஆதிக்குடி மக்கள்?"

"அது வேறு திணைக்களம்" என்றார் மெலனி.

சாட்சி தேவைப்பட்டது. அயலவர், கத்தோலிக்கர், நீண்டகாலக் குடியிருப்பாளர் என்ற மூன்று தகுதியும் ஒருங்கே அமைந்தவர் கிறிஸ்தோப்பர். அவர் சுவரைப் பார்த்தார், விமலநாதனைப் பார்த்தார், அரை அடியை நினைத்தார். "ஓம். நான் வீடு வாங்கேக்கையே உது பாழடைஞ்சுதான் கிடந்தது" என்றார்.

வெண்கலப் பலகை வந்தது. சட்டி ஓட்டைக்குக் கீழே, 'இத்துவாரத்தின் வழியே துறவியர் நோயாளருக்கு மருந்தும் ஏழைகளுக்குக் கஞ்சியும் வழங்கினர்' என்று எழுதியிருந்தது. மடம் ஏன் அழிந்தது என்பதற்கு, 'அயலாருடன் நேர்ந்த பிணக்கினால்' என்று எழுதியிருந்தது. முழு வரலாற்றிலும் அந்த ஒரு வரி மட்டும் உண்மை, அதுவும் தற்செயலாக நேர்ந்தது.

பிறகு கூட்டம் வந்தது. அந்தக் கோடையில் மொன்றியலில் பாழ்தான் நாகரிகம். புதுச் சட்டையைக் கல்லில் தேய்த்துக் கிழித்து அணிந்தார்கள். கோப்பிக் கடைக்காரர் துறவி அங்கி போட்டுக்கொண்டு கருகின பாண் ரொட்டியை இரட்டை விலைக்கு விற்றார். நம்மவர் மட்டும் சளைத்தவர்களா? சென்னையிலிருந்து வந்த கணினிப் பொறியாளர்கள் கல்யாணத்துக்கு முன்னான படங்களை இங்கே எடுத்தார்கள். சாமத்தியப்பட்டுப் பெரியபிள்ளையான பெண்பிள்ளைகளை அட்டியலும் ஒட்டியாணமுமாக மதிலில் சாய்த்துவைத்து, ட்ரோன் விட்டுப் படம் பிடித்தார்கள்.

தமிழ்ச் சங்கத் தலைவி யோகராணி ஒரு படி மேலே போனார். மதிலின் அடியில், சீமெந்தில், ஒரு 'க' கீறியிருப்பதைக் கண்டுபிடித்தார். "துறவிகளுக்குள்ளை ஒரு தமிழர் இருந்திருக்கிறார். இந்த நாட்டுக்கு முதல் வந்தது நாங்கள்தான்."

"அன்ரி, அது நான் சின்னனிலை ஈரச் சீமெந்திலை கீறினது" என்றாள் கஜந்தினி.

"பிள்ளை, எங்கடை பெருமையை நீயே அழிக்காதை" என்றார் யோகராணி. அடுத்த கிழமையே அதற்கு ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். விமலநாதன் தனக்குப் போர்த்திய பொன்னாடையோடு முன்வரிசையில் இருந்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இவ்வளவையும் புஷ்பராணி மருத்துவமனைக் கட்டிலில் கிடந்து தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் இன்னும் சரியாகத் திரும்பவில்லை. மெல்ல மெல்லச் சொன்னார்: "எல்லாரும் என்ரை வாசல்லை வந்து நிக்கினம். நான்தான் இல்லை."

விமலநாதன் பொன்னாடையை அன்றைக்கே கஜந்தினியிடம் கொடுத்துக் கண்ணில் படாமல் வைக்கச் சொன்னார்.

கிறிஸ்தோப்பருக்கும் வினை வந்து சேர்ந்தது. பாதுகாக்கப்பட்ட வலயம் என்று அவருடைய வீட்டையும் சேர்த்து அறிவித்தார்கள். கூரை ஒழுகியது, ஓடு மாற்றக்கூடாது. துறவிகள் ஒழுகலைச் சகித்தவர்களாம். போதாக்குறைக்கு மாக்கிரட், பொய்ச்சாட்சி சொன்ன வாய்க்குச் சோறு போடமாட்டேன் என்று அடுப்பை அணைத்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கிறிஸ்தோப்பர் வந்து நின்றார்.

"விமலண்ணை, பெரிய சுத்தியல் இருக்கோ?"

"இருக்கு. ரெண்டு இருக்கு."

இருவரும் இடித்தார்கள். அத்தனை வருஷமும் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் கல்லின்மேல் போட்டார்கள். பார்வையாளர்கள் இது மடம் அழிந்த நிகழ்வின் மீள்நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் மதில் இருந்த இடத்தில் பலகைச் சாய்வுப்பாதை வந்தது. சில நாளில் புஷ்பராணி வந்தார். நாற்காலியைக் கிறிஸ்தோப்பர்தான் தள்ளினார். விமலநாதன் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, யாருக்கும் மறைக்காமல் அழுதார்.

மெலனி வந்து வெறும் இடத்தை நெடுநேரம் பார்த்தார். "இடிப்பதற்கு அனுமதி பெற்றீர்களா?"

"இல்லை" என்றார் விமலநாதன். என்ன தண்டமானாலும் சரி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

மெலனியின் முகம் தெளிந்தது. "அனுமதியின்றி இந்நகரில் எவரும் எதுவும் இடிப்பதில்லை. ஆகவே சுவர் நிற்கிறது."

சுவர் நின்றது. கூட்டமும் குறையவில்லை. வெறும் காற்றில் சாய்ந்து நின்று படம் எடுத்தார்கள், முன்னைவிட இப்போது பாழ் நன்றாகத் தெரிகிறது என்று மெச்சினார்கள். யோகராணி பழக்கப்பட்ட உயரத்துக்குக் குனிந்து, 'க' இருந்த இடத்தைத் தொட்டுக் கும்பிட்டார். கிறிஸ்தோப்பரின் கூரை சட்டப்படி ஒழுகியது.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. புஷ்பராணிக்கு மருந்து கொடுத்து, கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கத் தாதி வரவேண்டும். வீட்டுப் பராமரிப்பு அலுவலகத்தில் கணினியைத் தட்டிப் பார்த்தார்கள். பின்கதவுப் பாதையில் சுவர் நிற்கிறது. சக்கர நாற்காலி சுவரைத் தாண்டாது. ஆகவே நோயாளி இன்னும் வீட்டுக்கு வரவில்லை. வராத நோயாளிக்கு வீட்டுக்குள் தாதி எதற்கு? விமலநாதன் கத்தினார், கெஞ்சினார், புஷ்பராணியையே தொலைபேசியில் பேசவைத்தார். மருத்துவமனையிலிருந்து பேசுவதாக எழுதிக்கொண்டார்கள்.

கடைசியில் கஜந்தினிக்கு வெண்கலப் பலகை ஞாபகம் வந்தது. துவாரத்தின் வழியே நோயாளருக்கு மருந்து கொடுத்த மடம் அல்லவா இது? அலுவலகம் மரபை மதித்தது. தாதி சுவர் வரைக்கும் வரலாம், மருந்தைத் துவாரத்தின் வழியே கொடுக்கலாம். பயிற்சியைப் பற்றி மரபில் ஒன்றும் இல்லையாம்.

தாதி வந்தார். நல்ல பிள்ளை, கைகூப்பி வணக்கம் சொன்னார். சாய்வுப்பாதையின் நடுவில், எதிரே ஒன்றுமில்லாத இடத்தில் நின்று, மருந்துப் பொட்டலத்தை நீட்டினார். நாற்காலியிலிருந்து புஷ்பராணி நல்ல கையை நீட்டினார், முன்பு சட்டி வாங்கிய அதே உயரத்துக்கு. எல்லைக்கரையில் கிறிஸ்தோப்பரும் மாக்கிரட்டும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாதியின் கை கொஞ்சம் மேலே போய்விட்டது.

"பிள்ளை, கொஞ்சம் கீழை, பதிவாப் பிடியுங்கோ" என்றார் விமலநாதன். "மேலை கல்லு இருக்கு."