தொண்டை கட்டிய தலைவர்

என் மனத்தைச் சீர்செய்ய எவரையும் அனுமதிப்பதில்லை என்று சென்ற தை மாதம் தீர்மானம் நிறைவேற்றினேன். ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

கொடைக்கானல் மலைமேல் பூண்டியில் எனக்கு ஒன்றரை ஏக்கர் பூண்டுக் காடு. ஆனால் என் தொழில் போராட்டம். முப்பத்தெட்டு ஆண்டுகள் எங்கள் மலை விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவன். நான் படித்ததெல்லாம் துண்டறிக்கை, எழுதியதும் அதுவே. மூன்று தலைமுறை அதிகாரிகளைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்தவன். அப்படிப்பட்ட இந்தத் திருமலைச்சாமியைப் போன வருஷம் சங்கம் ‘கௌரவ ஆலோசகர்’ ஆக்கியது. எனக்குச் சால்வை போர்த்திவிட்டு, என்னிடம் கோஷம் போடக் கற்ற செல்வமுருகன் என் நாற்காலியில் உட்கார்ந்தான். இன்றுவரை ஒருவரும் ஆலோசனை கேட்கவில்லை.

அதன்பிறகு தூக்கம் போயிற்று. வெளியே போராட ஆள் இல்லாததால் வீட்டில் போராடினேன். ரசத்தைக் கண்டித்தேன். சேவல் கூவும் நேரத்தைக் கண்டித்தேன். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். சுவரில் பட்டு நெளிந்தது. அன்றுமுதல் அந்த நெளிந்த தட்டை என் மனைவி வேலுத்தாய் வைத்துக்கொண்டு, தன் நல்ல தட்டை எனக்குக் கொடுத்தாள்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் ரோகிணிக்கு விஷயம் போயிற்று. அவள் போனிலேயே பேசும் மனநல ஆலோசகர் ஒருவரை ஏற்பாடு செய்தாள். பெயர் சுகன்யா. வியாழக்கிழமைதோறும் நாலு மணி. நான் மறுத்தால் அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போய்விடுவதாக எச்சரிக்கையும் விடுத்தாள்.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. காட்டின் மேல்தட்டில் தண்ணீர்த் தொட்டி மீது ஏறி உட்கார்ந்தால் குரல் வரும், படம் வராது.

முதல் வியாழன் ஏறினேன். எனக்கு என்ன வருத்தம் என்று சுகன்யா தன்மையாகக் கேட்டார். ஏழு அம்சக் கோரிக்கையை வாசித்தேன். முதல் அம்சம், செல்வமுருகன் பதவி விலக வேண்டும். அது தன் கையில் இல்லை என்றார். அதிகாரம் இல்லாதவரோடு பேசிப் பயனில்லை என்று அறிவித்து வெளிநடப்புச் செய்தேன். தொட்டியிலிருந்து இறங்கும்போது கால் பிசகியது.

மகளின் எச்சரிக்கை அப்படியே இருந்ததால் ஒரு திட்டம் தீட்டினேன்.

“ஏ வேலு. இந்த வியாழக்கிழமை நீ போயி உக்காரு. அவருக்குத் தொண்டை கட்டியிருக்கு, அவருக்குப் பதிலா நான் பேசுறேன்னு சொல்லு.”

“நான் என்னத்தங்க பேச?”

“தூங்குறாரு, சாப்பிடுறாருன்னு சொல்லு.”

“நீங்கதான் தூங்கலயே.”

“அறிக்கையில அதெல்லாம் வரக் கூடாது.”

“என்னையப் பத்திக் கேட்டா?”

“உன்னையப் பத்தி எதுக்குக் கேக்கப் போறாங்க?”

இந்தக் கடைசி வார்த்தையை இப்போது எழுதும்போது பேனா தயங்குகிறது.

முதல் தடவை ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டாள். அடுத்த வாரம் அரை மணி. அதற்கடுத்த வாரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம் தாண்டியும் இறங்கவில்லை. கீழ்த்தட்டில் கேரட்டுக்குக் களை எடுப்பதுபோல் குனிந்துகொண்டு நான் மேலே பார்ப்பேன். கையை ஆட்டிப் பேசுவாள். ஒரு வாரம் சிரித்தாள். ஒரு வாரம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அன்று கேரட்டையே களையென்று பிடுங்கிவிட்டேன்.

“என்ன பேசுன?”

“அதை வெளியில சொல்லணும்னு இல்லையாம்.”

“நான் வெளியாளா?”

“அதையுந்தான் பேசுனோம்” என்று சொல்லிவிட்டுச் சோலியைப் பார்க்கப் போனாள்.

ஏழாவது வாரம் பொறுக்காமல், தொட்டியில் ஏறி நானே சுகன்யாவைக் கூப்பிட்டேன். என் பெயரில் நடந்த கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பை ஒப்படைக்கும்படி கேட்டேன்.

“ஐயா, உங்க பேருல ஒரு தடவைதான் நடந்தது. நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்க. உங்களுக்குத் தொண்டை கட்டலைன்னு அம்மா அடுத்த வாரமே சொல்லிட்டாங்க. அப்புறம் நடந்ததெல்லாம் அவங்க பேருல. அவங்க பேசுனது அவங்களுக்குச் சொந்தம்.”

நான் அனுப்பிய பிரதிநிதி தனிச் சங்கம் கண்டுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அடுப்படிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. என் சுவரொட்டிகளுக்கு முப்பத்தெட்டு வருஷம் மைதாப் பசை காய்ச்சியவள் அவள்தான். அதே பசை. பதினான்கு நாள் முன்னறிவிப்பு. நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த முறை. கோரிக்கை ஒன்றே ஒன்று: ‘நான் பேச ஆரம்பித்தால் முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். தவறினால் ரோகிணியிடம் போகிறேன்.’

அதை நான் என்ன செய்தேன் தெரியுமா? காரம் போதாது என்று பட்டது. சிவப்புப் பேனா எடுத்து, மேலே தலைப்புச் சேர்த்து, ‘வேண்டும்’ என்பதை ‘வலியுறுத்துகிறேன்’ என்று மாற்றி, திரும்ப ஒட்டினேன். என்னிடம் கற்றவள் என்று பெருமையாகக்கூட இருந்தது.

“வாசிச்சீங்களா?”

“திருத்தியே குடுத்துட்டேன்.”

“பாத்தேன்” என்றாள்.

அந்தப் பதினான்கு நாளில் அவள் எத்தனையோ தடவை பேச்செடுத்தாள். எதையும் முடிக்க விடவில்லை. இது மிரட்டல், தலைவன் மிரட்டலுக்குப் பணிய மாட்டான் என்று ஒவ்வொரு தடவையும் நான்தான் முடித்து வைத்தேன்.

பதினைந்தாம் நாள் வெள்ளனே எழுந்து, பையோடு ஆறு மணிப் பஸ்ஸில் ஏறினாள்.

அந்தப் பஸ்ஸை இந்த ஊருக்குக் கொண்டுவர நான் ஒன்பது நாள் உண்ணாவிரதம் இருந்தேன். எல்லா மேடையிலும் அதைச் சொல்லியிருக்கிறேன். சொல்லாத ஒன்று உண்டு. அந்த ஒன்பது நாளுக்குள்தான் மூன்று வயது ரோகிணிக்கு மூச்சு முட்டியது. வேலுத்தாய் குழந்தையைப் பூண்டு லாரியில் மூட்டைகளின் மேல் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். உண்ணாவிரதப் பந்தலுக்கு ஆள் அனுப்பினாள். போராட்டம் குலைந்துவிடும் என்று நான் எழுந்து போகவில்லை. அதைப் பற்றி அவளும் கேட்டதில்லை, நானும் பேசியதில்லை. தொட்டி மேல் பேசியிருப்பாள்.

பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். டிரைவர் ஞானவேல் தலையை வெளியே நீட்டினான்.

“தலைவரே, ஆறுன்னா ஆறுக்கு எடுக்கணும்னு நீங்கதான எழுதி வாங்குனீங்க. அந்தக் காகிதம் இன்னும் டிப்போவுல கெடக்கு. வெரசா ஒதுங்குங்க.”

ஒதுங்கினேன். என் வெற்றி என்னை இடிக்காமல் கடந்தது. ஜன்னலோரம் வேலுத்தாய் சொன்னாள்:

“மொச்சைக் கொழம்பு அடுப்புல இருக்கு. வியாழக்கிழமை நாலு மணிக்குத் தொட்டி மேல உக்காருங்க. ரெண்டு பேரும் சேந்து பேசணும்னு சுகன்யாம்மாகிட்ட எழுதிக் குடுத்திருக்கேன்.”

மூன்று நாள் நெளிந்த தட்டில் சாப்பிட்டேன். அதில் குழம்பு ஒரு பக்கமாகவே ஓடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. பதினொரு தாள் கிழித்து, கடைசியில் ஒரு துண்டறிக்கை தயாரித்தேன். என் வாழ்நாளிலேயே சிறியது: ‘வேலு, அன்னைக்கு நான் பந்தலை விட்டு எந்திரிச்சு வந்திருக்கணும். தப்பு என்னோடது.’ மனப்பாடமும் செய்துகொண்டேன்.

வியாழக்கிழமை மூன்றரைக்கே தொட்டி மேல் இருந்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு இணைப்பு வந்தது. யார் முதலில் பேசுகிறீர்கள் என்று சுகன்யா கேட்டார். தாளை எடுத்துப் பிடித்து, தொண்டையை ஒரு தடவை செருமினேன்.

அந்தப் பக்கமிருந்து வேலுத்தாய் குரல் வந்தது.

“அவருக்குத் தொண்டை கட்டியிருக்குங்க. அவருக்கும் சேத்து நானே பேசிர்றேன்.”